ஒன்றுக்கும் உதவாத ஒரு பூனைக்காக

கணினித் திரையில் ஒரு சின்னப் பூனை. வெள்ளை உடம்பு, கறுப்புக் கோடு. மவுஸை அசைத்தால் அம்புக்குறிக்குப் பின்னால் ஓடி வரும். அம்புக்குறி நின்றால் தானும் குந்தும். முகம் கழுவும், காதைச் சொறியும், கொட்டாவி விடும், கடைசியில் சுருண்டு நித்திரையாகிவிடும். திரும்ப மவுஸைத் தொட்டால் திடுக்கிட்டு எழும்பி மறுபடி ஓட்டம். அவ்வளவுதான் அந்த நிரல். கடிதம் அடிக்காது, கணக்குப் பார்க்காது, ஒரு பாடமும் சொல்லித் தராது.

நெல்லியடியில் இதை ஆருக்குக் காட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உதால என்ன பிரயோசனம்?"

அது மோசமான கேள்வி இல்லை. இடப்பெயர்வையும் தட்டுப்பாட்டையும் கண்ட சனம் எதையும் பிரயோசனம் பார்த்துத்தான் வீட்டுக்குள் எடுக்கும். ஆனால் இந்தக் கேள்வியைக் கணினியிடம் மட்டும் நாங்கள் இவ்வளவு கடுமையாகக் கேட்கிறோமே, அதுதான் என்ர முறைப்பாடு. திரைக்கு வடிவு சேர்க்க மட்டும் பிறந்த இந்தச் சின்ன நிரல்கள் வீண் இல்லை. ஒரு பிள்ளை கணினியைப் பார்த்து "இதை ஒரு மனுசன்தானே செய்தவன், அப்ப எனக்கும் ஏலும்" என்று நினைக்கத் தொடங்குகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் பூனையின் கதை. பெயர் நெக்கோ. யப்பானிய மொழியில் நெக்கோ என்றாலே பூனைதான். பெயருக்காக ஒருவரும் மண்டையை உடைக்கவில்லை. 1980களில் என்.ஈ.சி. நிறுவனத்தின் பிசி-9801 கணினிக்காக நவோஷி வத்தனபே என்பவர் இதை முதலில் எழுதினார். 1989இல் கென்ஜி கோத்தோ மக்கின்ரொஷ் கணினிக்கு அதைக் கொண்டுவந்தார். இன்று நாங்கள் காண்கிற பூனைப் படங்கள் அவர் வரைந்தவை. அவற்றை அவர் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார். 1990இல் மசயுக்கி கோபா யுனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் விண்டோவுக்கு அதை மாற்றினார். பிறகு வந்த 'ஓநெக்கோ' வடிவத்தை இன்றைக்கும் பல லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் நிறுவலாம். ஐ.பி.எம். போன்ற பெரிய நிறுவனமே தன் ஓ.எஸ்/2 இயங்குதளத்தோடு இந்தப் பூனையைச் சேர்த்து அனுப்பியது. இப்போது இணையப் பக்கங்களில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் வடிவமும் இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேலாக ஒரு வேலையும் செய்யாமல் இந்தப் பூனை உயிரோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் "மிகப் பயனுள்ளது" என்று விற்ற மென்பொருட்களில் எத்தனை இன்றைக்கு மிச்சம்?

நெக்கோ தனி ஆளும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் யான்சென் 1984இல் மக்கின்ரொஷுக்கு ஒரு வாழ்த்து அட்டை மாதிரி, திரையில் பனி கொட்டுகிற ஒரு நிரலைச் செய்தார். 1993இல் அது எக்ஸ் விண்டோவுக்கு வந்து 'எக்ஸ்ஸ்னோ' ஆனது. நீங்கள் திறந்து வைத்திருக்கிற ஜன்னல்களின் மேல் விளிம்பிலே பனி படிந்து குவியும். இடைக்கிடை நத்தார் தாத்தாவும் வண்டியில் போவார். பிரித்தானியாவில் வானிலை ஆய்வாளரான ரொபின் ஹோகன், ஜன்னல்களின் மேல் பென்குயின்கள் நடந்து தவறி விழுகிற 'எக்ஸ்பென்குயின்ஸ்' நிரலை எழுதினார். வானிலை ஆராய்ச்சி செய்கிற ஒரு மனுசன் பென்குயினுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கோ.

சரி, பூனையைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். ஓநெக்கோவுக்குள் இருப்பது மொத்தம் 32 படங்கள். எட்டுத் திசைக்கும் ஓட, திசைக்கு இரண்டாக 16. திரையின் நாலு கரைகளையும் பிறாண்ட, கரைக்கு இரண்டாக 8. மிச்சம் எட்டும் குந்த, முகம் கழுவ, சொறிய, கொட்டாவி விட, தூங்க, திடுக்கிட. ஒவ்வொரு படமும் 32க்கு 32 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு 1024 புள்ளி, அதாவது 128 பைற். 32 படத்துக்கும் சேர்த்து 4096 பைற், வெறும் 4 கிலோபைற். பூனையின் உருவத்தை மட்டும் வெட்டிக் காட்டுகிற அச்சுகளையும் சேர்த்தால் 8. வட்ஸ்அப்பில் அசையாத ஒரு ஸ்டிக்கருக்கே 100 கிலோபைற் வரை இடம் இருக்கிறது. அதற்குள் இந்த முழுப் பூனையையும் பன்னிரண்டு தரம் வைக்கலாம்.

மூளைப் பகுதி அதைவிடச் சின்னன். விநாடிக்கு எட்டுத் தடவை பூனை ஒரு கேள்வி கேட்கிறது: அம்புக்குறி எங்கே நிற்கிறது? தன் இடத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க பைதகரஸ் தேற்றம். எந்தத் திசைப் படத்தைப் போடுவது என்று முடிவெடுக்க சைன் விகிதம். இரண்டும் சாதாரண தரத்தில் நாங்கள் விழுந்து விழுந்து பாடமாக்கினவை. தூரம் கிட்டத்தட்டப் பூச்சியம் என்றால் குந்து. குந்தி இவ்வளவு நேரம் ஆனால் கொட்டாவி. அதற்குப் பிறகு நித்திரை. இதை வைத்து "பூனை கணிதம் கற்பிக்கும்" என்று விற்க நான் வரவில்லை. சொல்ல வருவது வேறு. இவ்வளவு உயிர் உள்ளது போலத் தெரிகிற ஒரு சாமானை ஒரு பின்னேரத்தில் முழுவதுமாக விளங்கிக்கொள்ளலாம். இன்று நாங்கள் பாவிக்கிற எந்தச் செயலியை அப்படி விளங்க முடியும்? முகநூலைத் திறந்து உள்ளே பார்க்க எங்களுக்கு வழியே இல்லை. பூனையைத் திறக்கலாம்.

இப்போது அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பாருங்கள். 1989, 1990, 1993. உலகம் திரையில் பூனையும் பனியும் விட்டு விளையாடின அந்தக் காலத்தில் வடமராட்சியில் என்ன நடந்தது? 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பற்றறியும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் தடைப்பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட கதை, ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுப் படித்த கதை எல்லாம் எங்கட அம்மா அப்பாவிடம் கேட்டால் இப்பவும் சொல்லுவினம். கணினியின் விளையாட்டுப் பருவம் எங்களைத் தொடாமலே கடந்து போனது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ-9 பாதை திறப்பு. அதற்குப் பிறகு கணினி வகுப்புகள் பெருகின. ஆனால் கணினி எங்கட ஊருக்குள் வந்தது விளையாட்டுச் சாமானாக இல்லை, 'கோர்ஸ்' ஆக. ஆறு மாதம், ஒரு சான்றிதழ், வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி. வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் என்று ஒழுங்கு மாறாமல். அதில் பிழை இல்லை, வயிற்றுக்கு வழி தேடின சனம் வேறு என்ன செய்யும்? ஆனால் ஒரு தலைமுறை விளையாடிப் பார்த்து, உடைத்துப் பார்த்துப் பழகின ஒரு பொருளை நாங்கள் நேரே சோதனைத் தாளில் சந்தித்தோம். அதன் விளைவு இன்றைக்கும் இருக்கிறது. எங்களில் நிறையப் பேருக்குக் கணினி என்பது மற்றவன் செய்து தருகிற ஒன்று. நாங்கள் அதை 'பாவிக்கப் பழகுகிற' ஆட்கள். செய்யப் பழகுவது அதற்குப் பிறகு, பல்கலைக்கழகம் கிடைத்தால்.

இதற்கும் வடிவை நாங்கள் வெறுக்கிற சனம் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. திருவிழா வந்தால் கோயில் வீதி முழுக்கச் சோடனை. கலியாண வீட்டு வாசலில் வாழையும் தோரணமும். ஓட்டோவுக்குள்ளே பாருங்கள், ஓடுகிற நிற விளக்கும் குஞ்சமும். இதில் ஒன்றையாவது பார்த்து "உதால என்ன பிரயோசனம்?" என்று ஆரும் கேட்பதில்லை. சோடனை என்றால் சோடனைதான். அதற்கு வேறு நியாயம் தேவையில்லை. எங்கட பேச்சிலேயே இது இருக்கு. 'வடிவு' என்றால் அழகு. 'வடிவாப் பார்' என்றால் கவனமாகப் பார், 'வடிவாச் செய்' என்றால் ஒழுங்காகச் செய். அழகையும் கவனத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிற சனம் நாங்கள்.

நிரல் எழுதி அசைவுச் சோடனை செய்வதும் இந்தத் தீவுக்குப் புதிசு இல்லை. வெசாக் பந்தல்களில் நூற்றுக்கணக்கான மின்குமிழ்கள் சுழன்று, விரிந்து, அலை அலையாக ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். பழைய முறையில் அதன் பின்னால் இருந்தது ஒரு சுற்றுகிற மர உருளை. அதன்மேல் தகட்டுத் துண்டுகளை ஒரு ஒழுங்கில் அடித்திருப்பார்கள். உருளை சுற்றச் சுற்றத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்தக் குமிழ்கள் எரியும், தொடாதவை அணையும். தகட்டை வெட்டின விதம்தான் நிரல். உருளையின் ஒரு சுற்றுத்தான் அது ஓடி முடிகிற நேரம். அந்த உருளையைச் செய்தவருக்கு ஆரும் கோர்ஸ் வைக்கவில்லை. வடிவுக்காகச் செய்தார், செய்தபடியால் மின்னியல் பிடிபட்டது.

ஆனால் எல்லாச் சோடனையும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பூனைக்குப் பின்னாலேயே நரியும் வந்தது. 1990களின் கடைசியில் 'கொமெற் கேசர்' என்றொரு நிரல் அம்புக்குறியை வடிவான படங்களாக மாற்றித் தந்தது. நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதைப் பின்தொடர்ந்தது 1999இல் வெளியே வந்தது. அதே காலத்தில் 'பொன்சிபடி' வந்தது. ஊதா நிறக் கொரில்லா ஒன்று திரையில் நின்று ஆடும், பாடும், பகிடி விடும். சின்னப் பிள்ளைகள் அதை விரும்பினார்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் தனிப்பட்ட விபரங்களைச் சேர்த்ததற்காக 2004இல் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 75,000 டொலர் தண்டம் கட்ட வேண்டி வந்தது. அங்கே சோடனை என்பது தூண்டிலில் குத்தின புழு.

அதோடு 2020இல் வந்த வாத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சாம் சியெற் எழுதின 'டெஸ்க்ரொப் கூஸ்' என்ற நிரலில் ஒரு வாத்து திரைக்குள் வந்து சேற்றுக் காலால் நடக்கும், உங்கள் அம்புக்குறியைக் கவ்விக்கொண்டு ஓடும், கேட்காத குறிப்புகளை இழுத்து வந்து போடும். தொல்லை என்றால் அப்படி ஒரு தொல்லை. ஆனால் அது தொல்லை என்பதை மறைக்கவில்லை. எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போய்விடும். கொரில்லா சினேகிதன் மாதிரி வந்து களவெடுத்தது. வாத்து கள்ளன் மாதிரி வந்து பகிடி மட்டும் விட்டது.

ஆகவே பிரயோசனம் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு மூன்று கேள்வி கேட்போம். நிறுத்தினால் நிற்குமா? இணையத்தை அறுத்துவிட்டாலும் ஓடுமா? உள்ளே திறந்து பார்க்க விடுவினமா? பூனை மூன்றுக்கும் ஓம் சொல்லும். எக்ஸ்ஸ்னோவும் அப்படியே. இன்றைக்கு எங்கட போனில் வடிவான அசைவோடு வருகிற இலவச வால்பேப்பர் செயலிகள், விசைப்பலகைத் தோற்றங்கள் எல்லாவற்றிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். பின்னால் நீர்வீழ்ச்சி ஓடுகிற ஒரு வால்பேப்பருக்கு உங்கட தொடர்பு இலக்கப் பட்டியல் எதற்கு? பதில் தெரியாவிட்டால் நிறுவ வேண்டாம். எந்தத் தளம் என்று தெரியாத இடத்திலிருந்து இறக்கின சோடனை நிரலைத் திறக்கவும் வேண்டாம்.

சிலர் மின்சாரத்தைச் சொல்லுவினம். நியாயமான பேச்சு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. திரையில் எப்போதும் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் கணினி ஓய்வுக்குப் போக முடியாது. முழுத் திரையிலும் பனி கொட்டினால் மடிக்கணினியின் பற்றறி கெதியாக இறங்கத்தான் செய்யும். கரண்ட் இல்லாத நேரம் நிறுத்திவிடுங்கள், நிறுத்தினால் அது நிற்கும். ஆனால் நாங்கள் அழுத்தாமலே தானாக ஓடத் தொடங்குகிற வீடியோக்களுக்குப் போகிற பற்றறியையும் டேற்றாவையும் பற்றி ஏன் ஒருவரும் கதைப்பதில்லை? கவனம் சிதறும் என்பதற்கும் இதே பதில்தான். நெக்கோ உங்களைக் கூப்பிடாது. நீங்கள் வேலை செய்யாமல் இருந்தால் அது நித்திரை கொள்ளும். நீங்கள் போனை வைத்துவிட்டுப் படுத்தால் அறிவித்தல் அனுப்பி எழுப்புகிற செயலிகளுக்கு மத்தியில் இது எவ்வளவு மரியாதையான பிராணி!

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு ஒன்று. எக்ஸ்ஸ்னோவை நெல்லியடியில் ஓட விட்டால் என்ன நடக்கும்? பனை மரமும் சுண்ணாம்புக் கல்லும் உள்ள ஊரில், வெளியே வெயில் கொளுத்த, திரைக்குள்ளே பனி கொட்டும்; பைன் மரம் முளைக்கும்; கலைமான் வண்டி இழுக்கும். வடிவாகத்தான் இருக்கும். ரிக் யான்செனில் பிழையில்லை, அவர் தன் ஊர்க் குளிரைத் திரைக்குக் கொண்டுவந்தார். எங்கட காற்றை நாங்கள் கொண்டுவரவில்லை என்பதுதான் விசயம்.

எங்களிடம் என்ன காற்று இல்லை? வாடைக்காற்று எழும்பினால் வடமராட்சி வானத்தில் பட்டம்தான். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டிக்கு நெல்லியடியிலிருந்து சைக்கிளிலேயே போய் வரலாம். பறவை, கப்பல், வண்டி என்று முப்பரிமாணத்தில் கட்டி எழுப்புகிற பொடியள் அங்கே நிற்கிறார்கள். முச்சை ஒரு விரல்கடை தவறினாலும் பட்டம் குத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். விண் எந்த இழுவையில் கூவும் என்பதும் தெரியும். காற்று, எடை, சமநிலை எல்லாம் கையிலே இருக்கிறது. "பட்டம் விட்டு என்ன பிரயோசனம்?" என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள், சிரிப்பார்கள்.

அந்தப் பட்டத்தைத் திரையில் ஏற்றலாம். இது கனவுக் கதை இல்லை. உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் பைதன் இருக்கிறது. பைதனை விண்டோஸில் நிறுவினால் படம் வரைய உதவுகிற ரி.கே.இன்ரரும் கூடவே வரும். பட்டத்துக்கு ஒரு இடம், இரண்டு எண். ஒரு சைன் வளைவை எடுத்து இடமும் வலமும் ஆட்டுங்கள். அதோடு சின்ன அளவில் ஒரு எழுந்தமான எண்ணைக் கூட்டினால் காற்று உயிர் பெறும். வாலுக்குப் பத்துப் புள்ளி போதும். ஒவ்வொரு புள்ளியும் தனக்கு முன்னால் உள்ள புள்ளியைத் துரத்தட்டும், நெக்கோ அம்புக்குறியைத் துரத்துகிற அதே கணக்கு. அம்புக்குறியைக் கிட்டக் கொண்டுவந்தால் பட்டம் குத்தட்டும். விலக்கினால் திரும்ப எழும்பட்டும். நூலின் அடி ஒரு பனைமரத்தடியில் நிற்கட்டும். முதல் பதிப்பு தன் சொந்த ஜன்னலுக்குள்ளேயே பறந்தால் போதும். மற்ற ஜன்னல்களுக்கு மேலாகப் பறக்க விடுவதை இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் செய்தால் வேலை கிடைக்குமா? தெரியாது. சான்றிதழ் நிச்சயமாக வராது. ஆனால் கணினியில் ஒரு அசைவு ஏன் நடக்கிறது, அதை எப்படி நிறுத்துவது, அது ஆருக்காக வேலை செய்கிறது என்பது ஒரு தரம் கையாலே பிடிபட்டவனை எந்த ஊதாக் கொரில்லாவும் கெதியில் ஏமாற்ற ஏலாது. இனி வரப்போகிற காலத்தில் திரையில் சிரித்துப் பேசுகிற உருவங்கள் கூடத்தான் போகின்றன. அவை பூனையா நரியா என்று பிரித்துப் பார்க்கிற கண் எங்களுக்கு வேணும். அந்தக் கண் வகுப்பில் தருகிற குறிப்பைக் கொப்பியில் எழுதி வருவதில்லை.

அதனால் எங்கட குழுவுக்கும் இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற வாடைக்காற்றுக்கு முன்னம் ஆளுக்கொரு ஒன்றுக்கும் உதவாத நிரல் எழுதுவோம். பட்டம்தான் என்று இல்லை. அணில், செம்பகம், பனையோலை ஆட்டம், தேர்ச் சோடனை, எதுவும். இரண்டு நிபந்தனை மட்டும். கென்ஜி கோத்தோ பூனையை விட்டது போல அதைப் பொதுவில் விடவேணும், அடுத்தவர் திறந்து பார்த்து மாற்ற. அதோடு, வடிவாச் செய்யவேணும், அந்தச் சொல்லின் இரண்டு கருத்திலும்.